மோர்ஸ் வாசிக்காத வாக்குமூலங்கள்

'ஏம்ப்பா, பொழுதுபோகாம படிக்கிற துப்பறியும் கதையில போய் என்ன அரசியலைத் தேடுறே?' என்று நண்பர் கேட்டார். கையிலிருந்தது காலின் டெக்ஸ்டரின் 'தி வென்ச் இஸ் டெட்' (1989). நானும் பொழுதுபோக்காகத்தான் எடுத்தேன். படித்து முடித்தபோது இன்ஸ்பெக்டர் மோர்ஸை எனக்கு ரொம்பப் பிடித்துப்போயிருந்தது. சிக்கலே அங்குதான் தொடங்குகிறது. ஒரு போலீஸ்காரனை எனக்கு எப்படிப் பிடித்தது?

மோர்ஸ் ஆக்ஸ்போர்டில் படித்துப் பட்டம் வாங்காமல் வெளியேறியவர். வாக்னரின் இசை, குறுக்கெழுத்துப் புதிர், பீர். பீருக்குக் காசு கொடுப்பது பெரும்பாலும் சார்ஜண்ட் லூயிஸ். முதலில் சந்தேகிக்கும் ஆள் அநேகமாகத் தவறான ஆள். இந்தத் தவறுகள்தாம் அவரை நமக்கு நெருக்கமாக்குகின்றன. 1975 முதல் 1999 வரை 13 நாவல்கள். 1987 முதல் 2000 வரை ஐடிவியில் ஜான் தாவ் நடித்த 33 படங்கள். இடையில் பிபிசி வானொலி நாடகங்கள். நாவலில் லான்சியா ஓட்டியவருக்குத் தொலைக்காட்சி சிவப்பு ஜாகுவாரைக் கொடுத்தது. பிந்தைய நாவல்களில் டெக்ஸ்டரும் ஜாகுவாருக்கு மாறினார். பிம்பம் தன் ஆசிரியனையே திருத்தி எழுதிவிட்டது எனலாம்.

இனி, பிரதிக்கு வெளியே. முதல் நாவல் வந்த அதே 1975இல்தான் பர்மிங்ஹாம் அறுவருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. 21 பேரைப் பலிகொண்ட மதுக்கடைக் குண்டுவெடிப்புக்காகப் பிடிக்கப்பட்ட ஐரிஷ்காரர்கள் அவர்கள். போலீஸ் அடித்து வாக்குமூலம் வாங்கியது என்று சொன்னார்கள், நீதிமன்றம் நம்பவில்லை. அதே ஆண்டு கில்ட்ஃபோர்டு நால்வரும் வாக்குமூலத்தின் பேரிலேயே தண்டிக்கப்பட்டார்கள். நால்வர் 1989இலும் அறுவர் 1991இலும் நிரபராதிகளாக வெளியே வந்தார்கள். மோர்ஸின் தவறு இரண்டு மணி நேரத்தில் சரியாகிவிடும். இவர்கள் விஷயத்தில் அதற்குப் பதினாறு வருஷம் வரை ஆனது.

நால்வர் விடுதலையான வருஷத்தில் வந்த இந்த நாவலின் கதை என்ன? வயிற்றுப்புண்ணோடு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் மோர்ஸின் கைக்கு ஒரு சிறுநூல் கிடைக்கிறது. 1859இல் ஆக்ஸ்போர்டு கால்வாயில் ஒரு பெண்ணின் பிணம். அந்தக் கொலைக்காகப் படகுத் தொழிலாளர் இருவர் தூக்கிலிடப்பட்டார்கள். அவர்கள் நிரபராதிகள் என்று மோர்ஸ் கண்டுபிடிக்கிறார். ஆக, அரசு நிரபராதிகளைத் தண்டிக்கும் என்பது இந்தப் பிரதிக்குத் தெரிந்தே இருக்கிறது. ஆனால் அதை 130 வருஷம் பின்னால் தள்ளிவைத்துத்தான் பேச முடிகிறது. யாருக்கும் உறுத்தாத தூரம். 1990களில் வானொலிக்கும் 1998இல் தொலைக்காட்சிக்கும் போனபோதும் அந்தத் தூரம் குறையவில்லை.

இன்னொன்று. அநீதியைக் கண்டுபிடிப்பவரும் ஒரு போலீஸ் அதிகாரியே. அதுவும் தனியாளாக, மூளை பலத்தால். அறுவரை வெளியே கொண்டுவந்தது யார்? சலிக்காமல் அலைந்த குடும்பத்தார், வக்கீல்கள், கிறிஸ் மல்லின் போன்ற பத்திரிகையாளர்கள், தெருவில் நின்ற இயக்கங்கள். கதையாடலில் இவர்களுக்கு இடமே இல்லை. கூட்டாகப் போராடி வென்றதை ஒரு மேதையின் புதிர்விளையாட்டு விழுங்கிவிடுகிறது.

இதனால் நாவலைத் தூக்கி எறியுங்கள் என்று நான் சொல்லவில்லை. மோர்ஸ் எனக்குப் பிடித்துப்போனதன் காரணம் இப்போது புரிகிறது. படுக்கையில் கிடந்தபடி அவர் செய்வது ஒரு வாசிப்பு. வழக்கின் கதையை எதிர்த்திசையில் படிக்கிறார். அதன் மௌனங்களில் விரல் வைக்கிறார். விமர்சகனின் வேலையும் அதுதானே? ஆனால் செத்துப்போனவர்களின் வழக்கில் காட்டிய கூர்மையை, தன் துறை அன்றைக்கு எழுதி வாங்கிக்கொண்டிருந்த வாக்குமூலங்களின் பக்கம் இந்த நாவலில் அவர் திருப்பவில்லை. திருப்பியிருந்தால் மோர்ஸ் மோர்ஸாக இருந்திருக்க முடியாது.

மோர்ஸிடமிருந்து அந்த வாசிப்பைக் கற்றுக்கொள்வோம். அவர் வாசிக்காமல் விட்டதிலிருந்து தொடங்குவோம்.