சொல்லிய பாட்டோ, எழுதி விடுத்த பாட்டோ?

புறநானூற்று 74ஆம் பாட்டு, சோழன் செங்கணானோடு பொருது தோற்றுச் சிறைப்பட்ட சேரமான் கணைக்கால் இரும்பொறை பாடியது. இவ்வேழடிப் பாட்டிற்கு இருவகை வரலாறு வழங்குகின்றது. குடவாயிற் கோட்டத்துச் சிறையில் தண்ணீர் வேண்டிக் காலந்தாழ்த்துப் பெற்ற சேரன், அதனைப் பருகாது கையிற் கொண்டு, இதனைச் சொல்லித் துஞ்சினான் என்பது புறநானூற்று அடிக்குறிப்பு. பொய்கையாருக்கு எழுதி விடுத்த பாட்டு என்பது பிற்காலத் தொகையாகிய தமிழ் நாவலர் சரிதையின் கூற்று. முன்னதன்படி இஃது ஓர் இறுதிமொழி. பின்னதன்படி ஒரு சிறைக்கடிதம். இவற்றுள் எது பாட்டிற்கு இயைவது என ஆராய்தல் வேண்டும்.

பின்னைய வரலாறு தோன்றிய காரணம் காண்டற்கு அரிதன்று. பொய்கையார் களவழி பாடிச் சேரனைத் தளை நீக்கினார் என்னும் செய்தியைக் கலிங்கத்துப் பரணியும் விக்கிரம சோழன் உலாவும் குறிக்கின்றன. நற்றிணை 18ஆம் பாட்டில் பொய்கையார் பாடும் தொண்டிப் பொறையனை இவ்விரும்பொறையாகவே கொள்வாரும் உளர். புலவர் மீட்டார் எனின், அவருக்குச் செய்தி சென்றிருத்தல் வேண்டும். அவ்விடைவெளியை நிரப்பவே பாட்டு கடிதமாயிற்றுப் போலும். ஆயினும் களவழி நாற்பதில் சோழனது போர்க்களமே பாடப்பெறுகின்றது. சிறையும் இல்லை, சிறைவீடும் இல்லை. துஞ்சுதல் உறங்குதலையும் குறிக்கும் ஆதலின், சேரன் உறங்கினானேயன்றி இறந்திலன் என அமைதி காண்பதும் உண்டு. அவ்வமைதி இரு குறிப்புகளைப் பொருத்துமேயன்றிப் பாட்டை விளக்காது.

இனிப் பாட்டினுள் புகுவோம். குழவி இறந்து பிறப்பினும், தசைப் பிண்டமாய்ப் பிறப்பினும், ஆளன்று என்று வாளால் வெட்டாது விடார் எம் குடியினர். அத்தகையோர், நாயெனத் தொடரிற் பிணித்துத் துன்புறுத்திய பகைவர் தரும் சிற்றுணவை வயிற்றுத் தீத் தணிய இரந்துண்ணும் மகவை இவ்வுலகத்து ஈனுவரோ என்பது கருத்து. சிறுபதத்தைத் தண்ணீர் என்பர் உரைகாரர்.

கடிதத்திற்குப் பெறுவோன் வேண்டும். இங்கு விளி இல்லை; ஏவல் இல்லை; முன்னிலை வினை ஒன்றுதானும் இல்லை. அதனினும் வியப்பு, தன்மையும் இல்லாமையே. இதற்கு முன் நிற்கும் 71, 72, 73ஆம் பாட்டுகளும் வேந்தர் பாடியவையே. பூதப்பாண்டியனும் நெடுஞ்செழியனும் நலங்கிள்ளியும் தம்மைத் தன்மையிற் கூறி வஞ்சினம் மொழிகின்றனர். சிறைப்பட்ட சேரனோ தன்னைத் 'தாம்' எனப் படர்க்கையில் நிறுத்தி, முன்னோர் கண்கொண்டு தானே நோக்குகின்றான். 'யான்' என்று சொல்லும் உரிமை இரந்தபோதே ஒழிந்தது என்பது அவன் கருத்தாதல் வேண்டும். தொகுத்தோரும் இதனை முதுமொழிக் காஞ்சித் துறையில் அடக்கினர்.

மானமுடைய வேந்தன் விடுதலையை வெளிப்பட வேண்டாது குறிப்பாற் புலப்படுத்தினான் என வினவலாம். தண்ணீரை இரந்தமைக்கே நாணுபவன், உயிரையும் நாட்டையும் பிறர் பாட்டால் இரந்து பெற ஓலை விடுத்தான் என்பது முரண். கடிதம் எனக் கொள்ளின் இறுதி வினா மறுமொழியை எதிர்நோக்கும். இறுதிமொழி எனக் கொள்ளின் அது தன் விடையைத் தானே தரும். 'ஈனார்' என்பதே அவ்விடை.

அடிக்குறிப்பும் பாட்டோடு ஒருங்கு பிறந்தது அன்று. அதனை முற்ற நம்புதல் நம் கருத்தன்று. ஆயினும் 'சொல்லி' என்னும் அதன் சொல் பாட்டின் இயல்போடு பொருந்துவது. 'எழுதி' என்பது பொருந்தாதது. சொல்லிய பாட்டாயின் கேட்டான் ஒருவன் இருத்தல் வேண்டும். அவன் காவலனோ, காண வந்தவனோ, பெயர் இல்லை. மன்னன் எவருக்கும் விடுக்காத சொல்லைச் சிறைக்கு வெளியே கொணர்ந்தவன் அவனே. பொய்கையார்க்கு நாம் அளிக்கும் புகழில் ஒரு பங்கு அப்பெயரிலிக்கும் உரியது.