ஓரத்தில் ஒரு கேள்வி

1925-ஆம் ஆண்டில் ‘நியூயார்க்கர்’ பத்திரிகையைத் தோற்றுவித்த ஹெரால்ட் ராஸ், கட்டுரைகளின் புரூபை வாசிக்கையில், முன்னறிமுகம் ஏதுமின்றி எவரேனும் வாக்கியத்துக்குள் பிரவேசித்துவிட்டால், ‘யார் இவர்?’ என்று ஓரத்தில் எழுதிவைப்பார் என்பது பிரசித்தம். ஆங்கில உரைநடையைச் செப்பனிடும் கலையின் சாரம் அந்தச் சிறு கேள்வியிலேயே அடங்கியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஜான் பீட்டரைச் சந்தித்து, ‘ஹிஸ்’ தகப்பனார் காலமானதைத் தெரிவித்தான் என்று ஒரு வாக்கியம் இருக்குமானால், துக்கம் எவர் வீட்டில் என்பதை வாசகன் எங்ஙனம் அறிவான்? திருத்துபவர் பெயரையே மறுபடி இட்டோ, ஜானின் பேச்சை நேர்க்கூற்றாக மாற்றியோ அம்மயக்கத்தைப் போக்குகிறார். அதற்கு மேல் ஓர் அசையையும் அவர் தொடுவதில்லை என்பதே அவருடைய நயம்.

பெயரைத் திரும்பச் சொல்ல அஞ்சி, ஒரே மனிதரை முதலில் பெயராலும், பின்பு ‘அந்த ராஜதந்திரி’ என்றும், அதன்பின் ‘அம்முதியவர்’ என்றும் மாற்றி மாற்றி அழைக்கும் போலி அலங்காரத்தை, 1926-இல் வெளிவந்த தம் ஆங்கில வழக்கு அகராதியில் ஃபௌலர் கண்டித்திருப்பது முற்றிலும் நியாயமே. மூவர் வந்திருக்கிறார்கள் என்று வாசகன் மயங்கிய பின் அலங்காரத்தால் யாது பிரயோஜனம்?

பொருள் மயக்கம் ஒருபுறமிருக்க, எழுத்துப் பிழையோ காதுக்கு அகப்படாதது. கல்லூரித் தலைவரையும் கொள்கையையும் ‘பிரின்ஸிபல்’ என்ற ஒரே ஒலியால் வழங்கும் பாஷையில், ஈற்றெழுத்துக்களைக் கண்ணால் நிறுத்திப் பார்த்தே தீர வேண்டும். அதற்காகவே தேர்ந்த திருத்துநர், பொருளில் மனம் லயித்துவிடாதபடி, இரண்டாம் முறை சொல் சொல்லாக வாசிக்கிறார்.