மறைந்திருந்து மயக்குவோர்

பல்கலைக்கழகங்களில் வெகுசனத் தொடர்பியலும் விளம்பரக் கலையும் பயிலும் மாணவர் அறிந்திருக்க வேண்டிய நூல்களுள் ஒன்று, வான்ஸ் பாக்கார்ட் என்னும் அமெரிக்க எழுத்தாளர் 1957இல் வெளியிட்ட ‘தி ஹிட்டன் பர்சுவேடர்ஸ்’. உளவியலாரின் துணைகொண்டு வணிகர் நம் உள்மனத்து ஆசைகளையும் அச்சங்களையும் எவ்வாறு காசாக்குகின்றனர் என்பதை அது விரித்துரைக்கிறது. அதன் இறுதியில் அவர் எழுப்பும் அறவினாக்கள் இன்றும் சிந்திக்கத்தக்கவை.

எனினும், ஒரு குறையை நாம் சுட்டாதிருக்க இயலவில்லை. விளம்பரத் துறையினர் தம் ஆற்றலைப் பற்றித் தாமே கூறிக்கொண்டவற்றை ஆசிரியர் பல இடங்களில் சோதியாமலே ஏற்றுவிடுகிறார். அத்தகைய பேச்சை நம்புவதன் விளைவுக்கு அதே ஆண்டில் நிகழ்ந்த ஒன்றே சான்று. ஜேம்ஸ் விக்கரி என்பவர், திரைப்படத்தினிடையே கண்ணுக்குப் புலனாகாத வேகத்தில் சொற்களைக் காட்டிச் சோளப்பொரி விற்பனையைப் பெருமளவில் பெருக்கியதாக அறிவித்தார். மக்கள் அஞ்சினர். 1962இலோ, தாம் திரட்டிய விவரம் எந்த முடிவுக்கும் போதாது என்று அவரே ஒப்புக்கொண்டார். அவர் உண்மையில் விற்க முயன்றது தம் தொழிலைத்தான்!

நம் பிள்ளைகள் இத்துறையைத் தாராளமாகப் பயிலட்டும், இந்நூலையும் படிக்கட்டும். ஆனால், விளம்பரம் செய்வோர் தம்மைப் பற்றிச் செய்துகொள்ளும் விளம்பரத்தை முதலில் உரைத்துப் பார்க்கட்டும்.