நந்தன் கைத்தொழிலும் நந்தனார் கல்விக் கழகமும்

திருநாளைப்போவார் வரலாற்றை ஆராய்ந்தோர் பலரும் அதன் முடிவாகிய தீயையே நோக்கினர். தீயின்கண் புகுந்த நந்தன் எவ்வுருவொடு எழுந்தான், அவ்வுரு மாற்றம் சாதிக்கு உடன்பாடோ மறுப்போ என்னும் வினாக்களே இந்நூற்றாண்டிலும் சென்ற நூற்றாண்டிலும் மிகுதியும் எழுப்பப்பெற்றன. அவை வேண்டா வினாக்கள் என்பது எம் கருத்தன்று. ஆயினும், தீப்புகுமுன் நந்தன் என்ன செய்து வாழ்ந்தான், அவன் கை எவ்வேலை அறிந்தது என்பதனைக் கேட்டார் சிலரே. நந்தன் பெயரால் இளைஞர்க்குக் கல்வி தரும் நிலையம் ஒன்று சிதம்பரத்தில் தோன்றி ஒரு நூற்றாண்டைக் கடந்துவிட்ட இந்நாளில், இவ்வினா ஏட்டளவில் நிற்பதன்று. எந்த நந்தனை அவ்விளைஞர் முன் நிறுத்துவது என்பது இதனுள் அடங்கியிருக்கின்றது.

மூல நூல்களை முறையே காண்போம். சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பெயரளவே சுட்டினார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு பாட்டால் விரித்தார். அப்பாட்டில் ஆதனூர் உண்டு, தில்லை உண்டு, நந்தன் முனிவனாதலும் மூவாயிரவர் கைகூப்புதலும் உண்டு, தீ இல்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் 37 பாடல்களாக இதனைப் பெருக்கியபோதுதான் தீ வந்து சேர்ந்தது. இதனைச் சுட்டுவோர் உளர். அதே சேக்கிழார்தாம் தீயோடு வேறொன்றையும் கொணர்ந்தார் என்பதனைச் சுட்டுவோர் அரியர். அது நந்தனின் தொழில்.

ஆதனூர்ப் புலைப்பாடியைச் சேக்கிழார் வருணிக்கும் பகுதி, தமிழிலக்கியத்துள் ஓர் உழைக்கும் சேரியைக் கண்ணாற் கண்டு எழுதியது போன்ற அருமையுடையது. வார்கள் உலர்கின்றன; மாமரக் கிளைகளிற் பறைகள் தொங்குகின்றன; வஞ்சி மர நிழலில் தாழிகள் புதைக்கப்பட்டுள்ளன; கையில் இரும்புச் சரி அணிந்த சிறுவர் நாய்க்குட்டிகளொடு திரிகின்றனர். இழிவு கூறும் நோக்கம் இவ்வருணனையில் முற்றும் இல்லை என வாதிடுதல் இயலாது. எனினும் இழிவு கூற வந்தவர் இத்துணை நுணுக்கமாக நோக்கியிரார். இச்சேரியில் நந்தன் பறைத்துடவையை உணவுரிமையாகக் கொண்டு வாழ்கின்றான். அவன் சிவன் கோயில்தோறும் தருவன யாவை? பேரிகை முதலிய தோற்கருவிகட்குப் போர்வைத் தோலும் விசிவாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பு, அருச்சனைக்குக் கோரோசனை. கோயிலுள் எழும் ஓசையிற் பாதி அவன் கை பதம் செய்த பொருளினின்று எழுகின்றது. அவ்வோசையைக் கேட்டற்கு அவன் மட்டும் புறத்தே நிற்கின்றான். சேக்கிழார் இம்முரணை எடுத்துரைத்தாரல்லர். இரண்டு செய்திகளையும் அடுத்தடுத்து வைத்துவிட்டு அமைந்தார், அதுவே போதியதாயிற்று.

தோலைப் பதம் செய்தல் எளிய வேலையன்று. எத்தோல் எக்கருவிக்கு ஏற்கும், எவ்வளவு ஊறவேண்டும், எவ்வளவு உலர்ந்தால் விசி தாங்கும், எந்நரம்பு எவ்வளவு முறுக்கப்பெற்றால் சுருதி நிற்கும் என்பன பழகிய கையும் கூர்த்த செவியும் கூடி அறியவேண்டியவை. ஆகவே சேக்கிழார் காட்டும் நந்தன் அறிவிலி அல்லன். பள்ளி அறியாத கல்வியாளன்.

திருப்புன்கூர் நிகழ்ச்சி இதற்கு மற்றொரு சான்று. சிவலோகநாதரை நேரே காணவேண்டி நந்தி விலகிய செய்தியை யாவரும் அறிவர். கண்டு வணங்கிய பின்னர் நிகழ்ந்ததனைப் பலர் மறந்தனர். கோயிலின் மருங்கே பள்ளமாயிருந்த ஓரிடத்தை நந்தன் காண்கின்றான்; அது குளமாதற்குத் தகும் என உணர்கின்றான்; தொட்டு முடித்துவிட்டு ஊர் திரும்புகின்றான். ஒருவரும் ஏவவில்லை. குளம் தொடுதல் அவன் குலத்தொழிலும் அன்று. நிலத்தின் சாய்வை அறிதல், தன்னால் ஆவது இஃது எனத் துணிதல், தொடங்கியதனை முடித்தல் ஆகிய மூன்றும் ஒரு சிறு நிகழ்ச்சியில் அமைந்துள்ளன.

இனி, கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரக் கீர்த்தனைக்கு வருவோம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடையில் தோன்றிய இந்நூல் சேக்கிழாரின் நந்தனை மக்கள் நினைவினின்று பெரிதும் அகற்றிவிட்டது என்றால் மிகையாகாது. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை இதற்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கினார் என்பது டாக்டர் உ. வே. சாமிநாதையர் வாயிலாக நாம் அறிந்தது. புலவர் கண்டது இலக்கண வழு. யாம் காண்பது வேறு: நந்தனின் கைத்தொழில் இந்நூலுள் மறைந்துவிட்டது. தோலும் வாரும் நரம்பும் பின்னே சென்றன. நந்தன் வேதியர் ஒருவரின் பண்ணையாளாயினான். தில்லைக்குச் செல்ல விடை வேண்டுகின்றான். நாற்பது வேலி நிலத்தின் வேலையை முடித்தாலன்றி விடையில்லை என்கின்றார் ஆண்டை. ஓரிரவில் சிவபூதங்கள் அவ்வேலையை முடித்துவிடுகின்றன. காலையில் விளைந்த வயலைக் கண்ட வேதியர் நந்தன் காலில் விழுகின்றார்.

பாரதியாரின் அருளுள்ளத்தை ஐயுறுவார் ஒருவரும் இலர். பண்ணையடிமையின் துயரை இசைப்பாட்டில் அமைத்து, ஆண்டையின் குரலையும் அடிமையின் குரலையும் எதிரெதிர் நிறுத்தியது பெருஞ்செயல். சேக்கிழாரிடத்து இல்லாத உண்மையொன்றும் இவரிடத்து உண்டு. பெரியபுராணத்தில் ‘நாளை’ என்னும் தள்ளிவைப்பு நந்தனின் உள்ளத்தே நிகழ்கின்றது. தன் பிறப்புக்கு இஃது இசையாது என்று தானே அஞ்சித் தானே நிற்கின்றான். கீர்த்தனையிலோ தடுப்பவர் புறத்தே கண்முன் நிற்கின்றார். அவர்க்கு நிலம் உண்டு, குரல் உண்டு. காவிரிப் பாசன நாட்டின் பண்ணைமுறையை அறிந்தார்க்கு இரண்டாவதே மெய் என்பது விளங்கும். ஆயினும் இம்மெய்க்கு அவர் தந்த விலை பெரிது. நந்தன் செய்யவேண்டிய வேலையைப் பூதங்கள் செய்கின்றன. நந்தன் அழுதலும் பாடுதலுமே செய்கின்றான். இரக்கத்திற்குரியவனாக உயர்ந்த அளவுக்கு, செயலுக்குரியவனாக அவன் தாழ்ந்தான். 1935இல் கே. பி. சுந்தராம்பாளும் 1942இல் தண்டபாணி தேசிகரும் திரையில் நந்தனாராக நடித்தபோது தமிழகம் கண்டதும் இந்நந்தனையே.

இந்நிலையிற்றான் சகஜானந்த அடிகளின் பணியை வைத்து நோக்குதல் வேண்டும். 1890இல் ஆரணியை அடுத்த மேல்புதுப்பாக்கத்தில் ஒடுக்கப்பட்ட குடியிற் பிறந்து, முனுசாமி என்னும் பிள்ளைத் திருநாமம் பூண்டு, வியாசர்பாடிக் கரபாத்திர சிவப்பிரகாச அடிகளிடம் துறவேற்றவர் அவர். சிதம்பரம் போந்து 1916இல் நந்தனார் கல்விக் கழகத்தை நிறுவினார். இந்நகர்க்குக் கல்வி நிலையங்கள் புதியன அல்ல. ஆறுமுக நாவலர் 1864இல் இங்கே சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியிருந்தார். பெரியபுராணத்தை உரைநடையில் யாவர்க்கும் அளித்த அவரே சாதியாசாரத்தை இறுகப் பற்றியவர். அண்ணாமலைச் செட்டியாரின் மீனாட்சி கல்லூரி 1920இலும் அதன் வழிவந்த பல்கலைக்கழகம் 1929இலும் தோன்றின. இவற்றிடையே, நந்தன் வழியினராகிய சிறார்க்கென்றே, அரசின் கைக்குக் காத்திராமல், கொடையாளர் பொருள்கொண்டு எழுந்தது அடிகளின் நிலையம்.

அடிகள் நந்தனார் கதைக்கு உரை எழுதியவரல்லர் எனினும் அவர் அமைத்த விடுதியையே ஓர் உரையாக யாம் கொள்கின்றோம். கீர்த்தனையில் நந்தனைத் தடுத்தது யாது? ஆண்டையின் வயலும் ஆண்டையின் சோறும். சிறுவன் உண்ண ஓரிடமும் உறங்க ஓரிடமும் படிக்க ஒரு விளக்கும் பள்ளியருகே இருந்தால், அவன் ஒருவரிடமும் விடை கேட்கவேண்டியதில்லை. பூதங்கள் ஓரிரவில் முடித்த வேலையை விடுதி பல ஆண்டுகளில், பல மாணவர் உழைப்பால், முடிக்கின்றது. 1926 முதல் சென்னைச் சட்டமேலவையிலும், பின்னர்ச் சட்டமன்றத்திலும் அடிகள் இடம்பெற்றார். துறவி சட்டமன்றம் புகுந்ததனைக் குறை கூறினோர் விடுதி நடத்துதற்கு என்ன தேவை என்பதனை எண்ணாதவர் ஆவர்.

அடிகள் மது விலக்கு, புலால் விலக்கு முதலிய ஒழுக்கங்களை வலியுறுத்தினார். இதுவும் தில்லைத் தீயின் மெல்லிய வடிவம் அன்றோ என வினவுவார் உளர். வினா நேர்மையானதே. தான் இருந்தபடியே ஒருவனைக் கோயிலும் பள்ளியும் ஏற்கவேண்டும் என்பார்க்கு இவ்வொழுக்க விதிகள் உறுத்தலாகவே தோன்றும். எனினும் அடிகள் தம் மாணவரைத் தம் குடியை மறந்து வாருங்கள் என்று அழைத்திலர். நந்தன் என்னும் பெயரையே வாயிற்கதவில் பொறித்தார். தீப்புகுந்து எழுந்த முனிவனுக்குப் புராணம் பழம்பெயரைச் சொல்லிற்றில்லை. 1959இல் அவர் மறைந்த பின்னரும் அப்பெயர் நீங்கவில்லை. இன்றும் சிதம்பரத்தில் ஆண்கள் பள்ளியும் பெண்கள் பள்ளியும் அப்பெயர் தாங்கி நடைபெறுகின்றன.

இக்காலத்தே இளைஞர்க்கு ‘வாழ்வியல் திறன்’ பயிற்றும் தொண்டு நிறுவனங்கள் பலவாயின. உலக நலவாழ்வு நிறுவனம் 1990களில் முடிவெடுத்தல், சிக்கல் தீர்த்தல், தன்னையறிதல், பிறர்நிலை உணர்தல் முதலாகப் பத்துத் திறன்களை வகுத்தது. அவ்வகுப்பே பெரும்பாலார்க்கு அடிப்படை. 2004ஆம் ஆண்டின் ஆழிப்பேரலைக்குப் பின் கடலூர்க் கடற்கரைச் சிற்றூர்களிலும் இத்தகைய பணிகள் மிகுந்தன. பத்தினையும் நந்தன் வரலாற்றில் எண்ணிக் காட்டுதல் எளிது. மாணாக்கர் சிலர் அவ்வாறு கட்டுரை எழுதியும் வருகின்றனர். அது திறனாய்வு ஆகாது. யாம் கேட்கவேண்டியது, இப்பயிற்சிகள் தம்முன் வந்த இளைஞனை எந்த நந்தனாகக் காண்கின்றன என்பதே. வலை பின்னவும் காற்றின் திசை கண்டு படகு செலுத்தவும் அறிந்த மீனவச் சிறுவனை ஒன்றும் அறியாதவனாகக் கொண்டு, மூன்று நாளில் நடையும் உடையும் பேச்சும் மாற்றி நகரத்தானாக்கி அனுப்பும் பயிற்சியைக் காணும்போது, தெற்கு வாயிலில் மூட்டிய தீ நினைவுக்கு வருகின்றது. இத்தீயில் உடல் வேவதில்லை, ஊர்ப்பேச்சு வேகின்றது.

இங்கு ஒரு தடை எழும். நந்தன் தோல்தொழிலைப் போற்றுவது குலக்கல்வியைப் போற்றுவதாகாதோ? 1953இல் இராசாசி கொணர்ந்த தொடக்கக் கல்வித் திட்டம் தமிழ்நாட்டில் எத்தகைய எதிர்ப்பை எழுப்பிற்று என்பதும், 1954இல் காமராசர் ஆட்சியில் அது கைவிடப்பெற்றது என்பதும் நாடறிந்தவை. 1937இல் வார்தாவில் உருவான ஆதாரக் கல்வியும் கைத்தொழிலை நடுவாக வைத்ததாயினும், தந்தையின் தொழிலையே மகன் கற்கவேண்டும் என்று அது விதித்ததில்லை. இரண்டற்கும் உள்ள வேற்றுமை பெரிது. எம் கருத்து, தோல் பதம் செய்வோன் மகன் தோலே பதம் செய்க என்பதன்று. தோல் பதம் செய்தலும் அறிவே என்று ஆசிரியன் அறிக என்பது. குலத்தொழிலோடு சேக்கிழார் நந்தனை நிறுத்தினாரல்லர். திருப்புன்கூரில் அவன் கையில் மண்வெட்டியைத் தந்தவர் அவரே.

முதுகலை வகுப்பில் இப்புராணத்தைப் பாடம் சொல்லும்போது நந்தி விலகலில் கைகள் எழுகின்றன, தீயில் எழுகின்றன, குளத்தில் எழுவதில்லை. மாணவர்மேற் பிழையில்லை. பாடநூல்களும் சொற்பொழிவுகளும் அக்குளத்தை ஒரு தொடரிற் கடந்துவிடுகின்றன.

தலமரபோ அதனினும் ஒரு படி கடந்துவிட்டது. திருப்புன்கூர்க் கோயிலில் குளம் வெட்டிய விநாயகர் என்றொரு திருவுரு உண்டு. நந்தன் தனியே வெட்ட மாட்டாமையால் இறைவன் ஆணைப்படி பிள்ளையார் துணைநின்றார் என்பது அதற்குச் சொல்லும் வரலாறு. சேக்கிழாரிடத்தில் இப்பிள்ளையார் இல்லை. வயலிற் பூதங்களும் குளத்திற் பிள்ளையாரும் ஆக, நந்தனின் வேலையைப் பிறர் செய்யும் மரபு இவ்வாறு இருமுறை வளர்ந்தது. இவற்றுள் எது முந்தியது, ஒன்று மற்றொன்றைத் தூண்டிற்றா என்பதனைத் தலபுராணங்களையும் கீர்த்தனைப் பதிப்புகளையும் ஒப்பிட்டு முடிவு செய்யும் பணி ஆய்வு மாணவர்க்கு உரியதாய் இன்னும் எஞ்சி நிற்கின்றது.