வெயிலுக்கு எதிரே ஒரு கார்

மதுரையில் வீடு, பரமக்குடியில் வேலை என்று அமைந்துவிட்டவனுக்குச் சூரியன் எப்போதும் எதிரில்தான். காலையில் தென்கிழக்கே போக வேண்டும், மாலையில் வடமேற்கே திரும்ப வேண்டும். மார்கழி, தை மாதங்களில் காலை எட்டு மணிக்குத் திருப்புவனம் தாண்டும்போது சூரியன் சாலைக்கு நேரே, கொஞ்சம் இடப்பக்கம் தள்ளி, அடிவானத்திலிருந்து 20 டிகிரி உயரத்தில் நிற்கும். ஆனியில் காலைப் பயணம் பிழைத்துக்கொள்ளும். மாலை ஆறு மணிக்குச் சிலைமானை நெருங்கும்போது அதே சூரியன் முன்கண்ணாடிக்குள் இறங்கிவிடும். விருதுநகருக்குப் போய்வருகிறவர் கொடுத்துவைத்தவர். தெற்கே போனாலும் வடக்கே திரும்பினாலும் வெயில் அவருக்கு இடப்பக்கம். பக்கத்து சீட்டுக்காரர்தான் காய்வார். தேனிக்காரருக்கு இரண்டு வேளையும் முதுகுப் பக்கம்.

ஆகவே, பழைய காரை மாற்றப் போகிறேன் என்றதும் ஊரில் எல்லோரும் “மைலேஜ் என்ன குடுக்கும்?” என்று கேட்டுக்கொண்டிருக்க, நான் ஷோரூம் ஷோரூமாகப் போய் சன்வைசரை இறக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பழைய கார், ஃபோர்டு ஃபிகோ. முதல் தலைமுறை, 1.4 லிட்டர் டீசல், 69 குதிரைத்திறன், 2011-ல் வாங்கியது. மறைமலை நகரில் செய்த வண்டி. இன்றைய கார்களில் விரல் நுனியால் திருப்பும் மின்சார ஸ்டீயரிங் வருகிறது; அதில் இருந்தது ஹைட்ராலிக். நெடுஞ்சாலையில் அது கையோடு பேசும். வைகைப் பாலத்தில் பக்கக்காற்று அடித்தால் முதலில் உள்ளங்கைக்குத் தெரிந்துவிடும். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்துவதாக ஃபோர்டு அறிவித்தபோது எனக்கு வந்தது கோபம், வருத்தம் அல்ல. 2022-ல் மறைமலை நகரில் கடைசிக் காரும் வெளியேறியது. 2025 இறுதியில் மறுபடி வருகிறோம் என்று தமிழக அரசோடு ஒப்பந்தம் போட்டார்கள். விவரம் பார்த்தால் எஞ்சின் மட்டுமாம். எஞ்சினை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய, கிணற்றில் தண்ணீர் இறைக்கவா?

எது எப்படியோ, பதிவுச் சான்றின் 15 ஆண்டு முடியப் போகிறது. மாற்றித்தான் ஆக வேண்டும்.

மின்சாரக் கார் கணக்குக்கு நன்றாகவே வரும். போகவர 150 கிலோமீட்டர் ஓடுகிறவனுக்கு அதைவிட மலிவான ஓட்டம் கிடையாது. ஆனால் நான் வண்டி நிறுத்தும் சந்தில் சார்ஜர் மாட்டச் சுவரே இல்லை. மிச்சம் டீசல்தான். மாருதி 2020 ஏப்ரலோடு டீசலைக் கைகழுவிவிட்டது. பி.எஸ். 6 டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்து வைக்கும் வடிகட்டி ஒன்று இருக்கிறது. பிடித்த கரியை எரித்துத் தீர்க்க அதற்கு நல்ல சூடு வேண்டும், அதற்கு வண்டி ஒரே வேகத்தில் நீளமாக ஓட வேண்டும். மாசி வீதியையே சுற்றிக்கொண்டிருக்கும் வண்டியில் அது அடைத்துக்கொண்டு எச்சரிக்கை விளக்கை எரியவிடும். விரகனூர் ரவுண்டானாவைத் தாண்டினால் பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை என்பதால் எனக்கு அந்தக் கவலை இல்லை.

இனி சன்வைசர். தலைக்கு மேலே மடித்து வைத்திருக்கிறார்களே, அந்தத் தட்டி. ஒரு முனையில் கீல், மறுமுனையில் கொக்கி. இறக்கினால் எதிர்வெயிலை மறைக்கும். கொக்கியிலிருந்து விடுவித்துத் திருப்பினால் கதவுக் கண்ணாடியின் முன்பாதியை மறைக்கும், பின்பாதி திறந்தே கிடக்கும். சில வெளிநாட்டுக் கார்களில் வைசர் தன் கம்பியிலேயே வழுக்கி முன்னும் பின்னும் நகரும், அல்லது உள்ளிருந்து ஒரு சின்னப் பலகை நீளும். கத்தரி வெயிலில் வெந்து கிடக்கும் ஊருக்கு விற்கிற கார்களில் நான் ஏறிப் பார்த்த எதிலும் அது இல்லை. பதிலாக, முகம் பார்க்க ஒரு கண்ணாடி வைத்திருக்கிறார்கள், அதற்கு ஒரு விளக்கும். யாருமே தேறவில்லை என்பதால் எந்தக் கம்பெனியின் பெயரையும் தனியாகச் சொல்லவில்லை.

இதைவிட மோசம், இரண்டு வைசருக்கும் நடுவில் உள்கண்ணாடிக்கு மேலே விடும் இடைவெளி. ஒரு சாண்கூட இருக்காது. ஆனி மாத மாலையில் பரமக்குடியிலிருந்து திரும்பும்போது சூரியன் சரியாக அந்தச் சந்துக்குள் வந்து நிற்கும். ஓட்டுநர் பக்க வைசர் அங்கே எட்டாது, பக்கத்து சீட்டு வைசரும் எட்டாது. உள்கண்ணாடியோ, அதற்குக் கீழே. அடுத்த அரை மணி நேரத்துக்கு இடக்கையைத் தூக்கி நெற்றிக்கு வைத்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓட்ட வேண்டும். எதிரே தவறான பக்கத்தில் ஒரு டிவிஎஸ் 50 வந்துகொண்டிருக்கும். லாரிக்காரர்கள் விவரமானவர்கள். முன்கண்ணாடிக்கு வெளியே, மேலே, முழு அகலத்துக்கும் ஒரு தகட்டை நீட்டிவிட்டுத்தான் ரோட்டுக்கே வருகிறார்கள்.

சரி, மறைக்கத்தான் வழியில்லை என்றால், கூடுதல் வெயிலுக்கு வழி வைத்திருக்கிறார்கள். சன்ரூஃப்! ஷோரூம் பையன் ஒவ்வொருவனும் முதலில் கையைக் காட்டுவது கூரையைத்தான். சன்ரூஃப் இல்லாத நடு வகையைக் கேட்டபோது ஒருவன் என்னைப் பரிதாபமாகப் பார்த்தான். “சார், ஒரு ஸ்டெப் மேல போனா சன்ரூஃப் வந்துரும். ரீசேல் வேல்யூ இருக்கும் சார்.” வீட்டில் அம்மாவிடம் இதைச் சொன்னேன். “ஏன்டா, இருக்குற வெயில் பத்தாதுன்னு கூரையப் பிச்சு வைக்கிறாய்ங்களா?” என்று கேட்டார். மதுரையில் சன்ரூஃபின் ஒரே உபயோகம், சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பிள்ளைகள் தலையை வெளியே நீட்டுவது. அது சட்டப்படியும் தவறு, உயிருக்கும் ஆபத்து. திறக்காவிட்டாலும் கண்ணாடி வழியே இறங்கும் சூட்டை ஏசி கூடுதலாக வேலை பார்த்துத்தான் தணிக்க வேண்டும். மேலே வெயிலை உள்ளே விட அத்தனை ஆயிரம் கேட்கிறவர்கள், முன்னே வெயிலை மறைக்க நான்கு அங்குலப் பலகை தர மாட்டார்களாம்.

கறுப்பு ஃபிலிம் ஒட்டிக்கொள்ளலாமே என்பார்கள். 2012-ல் உச்ச நீதிமன்றம் ஃபிலிமுக்குத் தடை போட்டது; பிறகு விதி மாறி, முன், பின் கண்ணாடிகள் குறைந்தது 70 சதவீதம், பக்கக் கண்ணாடிகள் 50 சதவீதம் வெளிச்சத்தை உள்ளே விட்டால் போதும் என்றானது. 2024-ல் கேரள உயர் நீதிமன்றம் அந்த அளவுக்குள் ஒட்டுவது குற்றமில்லை என்றது. பக்கவாட்டு வெயிலுக்கு அது உதவும். நேரெதிரே வருகிற வெயிலில் நூற்றுக்கு எழுபதை உள்ளே விட்டே ஆக வேண்டும் என்கிறபோது எனக்கு அதனால் பெரிய லாபமில்லை.

கண்ணைக் கூச வைப்பது சூரியன் மட்டும் இல்லை என்பதையும் டெஸ்ட் டிரைவில்தான் தெரிந்துகொள்ள முடியும். எதிர்வெயில் டேஷ்போர்டில் விழுந்து முன்கண்ணாடியில் பிரதிபலிக்கும். சந்தன நிற டேஷ்போர்டு ஷோரூமில் அழகாக இருக்கும், திருப்பாச்சேத்தி ரோட்டில் கண்ணாடி முழுக்க ஒரு வெள்ளை மூட்டம் போட்டுவிடும். கறுப்பு டேஷ்போர்டையும் கெடுக்கத் தெரிந்தவர்கள் உண்டு: வாட்டர்வாஷுக்கு விட்டால் கேட்காமலேயே பளபளவென்று பாலிஷ் அடித்துத் தருவார்கள். “உள்ள பாலிஷ் போடாதீங்கண்ணே” என்று இப்போதெல்லாம் சாவியைக் கொடுக்கும்போதே சொல்லிவிடுகிறேன். வெள்ளிப் பூச்சுப் பிள்ளையாரையும் டேஷ்போர்டின் நடுவிலிருந்து ஸ்பீடோமீட்டருக்குப் பின்னால் நிழல் இருக்கும் மூலைக்குக் குடிமாற்றினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

வாங்கியது ஹூண்டாய் வென்யூ டீசல், சன்ரூஃப் இல்லாத வகை. 2025 செப்டம்பர் 22-ல் நான்கு மீட்டருக்குள் அடங்கும், 1,500 சிசி-க்குள் இருக்கும் டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதமாக இறங்கியது; நவம்பர் தொடக்கத்தில் புது வென்யூ வந்தது. இரண்டுக்கும் நடுவில் பழைய உருவத்தில் மிச்சமிருந்த வண்டியை எடுத்தேன். புது வென்யூவை மகாராஷ்டிரத்தில் தலேகாவ் ஆலையில் செய்கிறார்கள். பழையது நம் இருங்காட்டுக்கோட்டை. மறைமலை நகர் வண்டியைக் கொடுத்துவிட்டு இருங்காட்டுக்கோட்டை வண்டியை எடுப்பதில் ஒரு சின்ன ஆறுதல் இருக்கத்தான் செய்தது.

116 குதிரைத்திறன், 250 நியூட்டன் மீட்டர், ஆறு கியர் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்தது. எனக்கு இந்த வண்டியில் பிடித்துப்போனது, ஓட்டுநர் சீட்டின் வலப்பக்க அடியில் இருக்கும் ஒரு பிளாஸ்டிக் லீவர். மேலே இழுத்து இழுத்து விட்டால் சீட் படிப்படியாக உயரும். இது ஒன்றும் அதிசயம் இல்லை, பல கார்களில் இருக்கிறது. ஃபிகோவில் எனக்கு அதற்குத் தேவை வந்ததில்லை, அதில் நானே கூரையை இடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். வென்யூவில் தலைக்கு மேலே தாராளமாக இடம் இருக்கிறது. சீட்டை ஏற்றினால் கண் மேலே போகிறது. கண்ணுக்கு, கூரையின் முன்விளிம்பும் வைசரும் கீழே இறங்கினாற்போல் ஆகிறது. மார்கழிச் சூரியன் 20 டிகிரியிலிருந்து 30 டிகிரிக்கு ஏறும் அந்த ஒரு மணி நேரத்தில் இது போதும். விரகனூரில் மூன்று நான்கு இழுப்பு, வைசர் பாதி இறக்கம்; மானாமதுரை பைபாஸ் வரும்போது சூரியன் கூரைக்கு மேலே போயிருக்கும், வைசரை மடித்துவிடலாம். சபரிமலை முடித்து ராமேஸ்வரத்துக்குப் போகும் ஐயப்ப பக்தர்களின் வேன்கள் தயங்கித் தயங்கிப் போகிற சீசனில், எதிரே இருப்பது தெளிவாகத் தெரிவது சின்ன விஷயம் இல்லை. ரொம்பவும் ஏற்றினால் மேலே இருக்கும் வழிகாட்டிப் பலகைகள் மறைந்துபோகும். தினம் போகிற வழிக்குப் பலகை எதற்கு?

எஞ்சினைப் பற்றி ஒன்று மட்டும். ஆறாவது கியரில் போட்டுவிட்டால் பார்த்திபனூர் வரை கியர் மாற்ற வேலையே இருக்காது. ஃபிகோவில் லாரியை முந்த நான்காவதுக்கு இறங்கி, பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

எரிச்சல் ஒன்று உண்டு. அது ஹூண்டாய் செய்த வினை அல்ல, அரசாங்க உத்தரவு. 2019 ஜூலை முதல் வருகிற எல்லாக் கார்களும் 80-ஐத் தாண்டினால் நிமிடத்துக்கொரு தரம் ‘டிங் டிங்’ என்று எச்சரிக்க வேண்டும், 120-ஐத் தாண்டினால் விடாமல் கத்த வேண்டும். பழைய காரிலிருந்து வருகிறவனுக்கு இது பெரிய இடி. முதல் வாரம் பாட்டுச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன். இரண்டாம் வாரம் 85-ல் போவதை 79-க்குக் கொண்டுவந்தேன், வெறும் கடுப்பில். 75 கிலோமீட்டருக்கு 80-ல் போனால் 56 நிமிடம், 100-ல் போனால் 45 நிமிடம். காகிதத்தில் 11 நிமிடம் மிச்சம். ஆனால் 80-லிருந்து 100-க்குப் போகும்போது காற்றின் எதிர்ப்பு ஒன்றரை மடங்குக்கு மேல் கூடுகிறது. காசை டீசலாகக் கொட்டி மிச்சம் பிடித்த நிமிடங்களை, திரும்பி வரும்போது விரகனூர் சந்திப்பில் ஷேர் ஆட்டோக்கள் வாங்கிக்கொள்ளும். இப்போது 79 எனக்குப் பழகிவிட்டது. டிங் டிங்கை மட்டும் இன்னும் மன்னிக்கவில்லை.

சுங்கச்சாவடிக்கு 2025 ஆகஸ்ட் 15-ல் வந்த 3,000 ரூபாய் ஃபாஸ்டாக் ஆண்டு பாஸ் எடுத்திருக்கிறேன். ஆண்டு பாஸ் என்று பெயர். 200 முறை கடந்தால் தீர்ந்துவிடும். திருப்பாச்சேத்தியில் காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்றால் எனக்கு அது நான்கு மாத பாஸ். அப்படியும் ஒரு தடவைக்கு 15 ரூபாய்தான் விழுகிறது, லாபம்தான்.

வெயில் விஷயத்தில் இது பாதித் தீர்ப்புதான். தையில் மாலை வெயில் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து வருகிறது, தொந்தரவு இல்லை. ஆனியில் அது எட்டு டிகிரி உயரத்தில், வைசர்களுக்கு நடுவில் வந்து நிற்கும்போது லீவர் உதவாது. உதிரிபாகக் கடையில் விற்கும் கிளிப் மாட்டிய பச்சைப் பலகையை வாங்கித்தான் பார்க்க வேண்டும். மேலூர், கொட்டாம்பட்டிப் பக்கம் போய்வருகிறவர்கள் என் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தச் சாலையில் கோடைக் காலையிலும் மார்கழி மாலையிலும் சூரியன் வலப்பக்கத் தூணையொட்டி வரும். வைசரைக் கதவுப் பக்கம் திருப்பினால் எதுவரை எட்டுகிறது என்று பாருங்கள், டெஸ்ட் டிரைவைக் காலை ஏழரைக்குக் கேளுங்கள். பதினொரு மணிக்கு வாங்க சார் என்பார்கள். போகாதீர்கள்.