நட்சத்திரம் ஓர் அளவுகோலா?

மேட்டுப்பாளையத்திலிருந்து புறப்படும் மலை இரயில், குன்னூரைக் கடந்தபின் வெலிங்டன், அருவங்காடு, கேத்தி, லவ்டேல் ஆகிய நிலையங்களின் வழியாக உதகமண்டலத்தை அடைகிறது. அதில் வரும் பயணிகளில் பலர் எந்த விடுதியில் தங்குவது என்பதை முன்னரே முடிவு செய்திருப்பர். அம்முடிவுக்குக் காரணம் பெரும்பாலும் கைப்பேசியில் தெரியும் ஓர் எண்தான். ஒரு விடுதிக்கு 4.3, மற்றொன்றுக்கு 3.8, பக்கத்தில் ஐந்து நட்சத்திரங்கள். எண்ணில் ஒரு தசமப் புள்ளியைக் கண்டுவிட்டால், ஏதோ நுண்ணிய கருவி கொண்டு அளந்தது போன்ற நம்பிக்கை நமக்கு ஏற்பட்டுவிடுகிறது.

அருவங்காட்டிலே கார்டைட் என்னும் வெடிமருந்தைச் செய்யும் பழைய தொழிற்சாலை இருக்கிறது. வெடிமருந்தின் தரத்தை அறிய, "நீங்கள் எதிர்பார்த்தபடி இருந்ததா?" என்று யாரிடமும் கேட்பதில்லை, சோதனைச் சாலையில் அளக்கிறார்கள். விடுதியின் தரத்தை மட்டும் நாம் விருந்தினரின் மனநிறைவைக் கேட்டு அறிய முயல்கிறோம். இது தவறா? தவறென்று ஒரேயடியாகத் தள்ளிவிட முடியாது. ஆனால் அந்த எண் எதை அளக்கிறது, எதை அளக்கவில்லை என்பதை ஆராய்ந்து பார்க்க வேண்டும்.

ஒரே சின்னம், இரண்டு அளவுகள்

முதலில் ஒரு குழப்பத்தை நீக்கிக்கொள்வோம். நம் நாட்டில் விடுதிகளுக்கு நட்சத்திரத் தகுதி வழங்குவது மத்திய அரசின் சுற்றுலா அமைச்சகம். விண்ணப்பித்த விடுதியை ஒரு குழு நேரில் பார்வையிட்டு, அறையின் பரப்பு, குளியலறை, உணவுக்கூடம், தீயணைப்பு வசதி முதலியவற்றைச் சரிபார்த்து, ஒன்று முதல் ஐந்து வரை நட்சத்திரம் வழங்குகிறது. இது வசதிகளின் பட்டியல். விருந்தினர் மகிழ்ந்தாரா என்பது இதில் கேள்வியே அல்ல.

விருந்தினர் தரும் நட்சத்திரமோ மனநிறைவின் அளவு. வசதிகள் எத்தனை என்பது அதில் நேராக வருவதில்லை. ஆக, மூன்று நட்சத்திர விடுதி ஒன்று விருந்தினரிடம் 4.6 பெறலாம்; ஐந்து நட்சத்திர விடுதி 3.9 பெறலாம். இரண்டு எண்களும் சரியாகவே இருக்கலாம். நீளத்தையும் எடையையும் ஒரே அலகால் குறித்தால் எவ்வளவு குழப்பமோ, அவ்வளவு குழப்பம் இந்த நட்சத்திரத்தால் விளைகிறது.

கழித்தல் கணக்கு

மனநிறைவு எப்படிப் பிறக்கிறது? அமெரிக்க அறிஞர் ரிச்சர்டு ஆலிவர் 1980ஆம் ஆண்டில் இதற்கு ஒரு விளக்கம் தந்தார். நாம் ஓர் எதிர்பார்ப்புடன் செல்கிறோம். கிடைத்த அனுபவம் அதை மிஞ்சினால் மகிழ்கிறோம், குறைந்தால் சலிப்படைகிறோம். இதே கருத்தை அளவீடாக மாற்றியவர்களுள் சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவரான ஏ. பரசுராமன் ஒருவர். அவரும் ஜெய்தாமல், பெர்ரி ஆகிய இருவரும் சேர்ந்து 1988இல் வெளியிட்ட 'சர்வ்குவால்' என்னும் முறையில் 22 கூற்றுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் எதிர்பார்ப்பு ஒரு மதிப்பெண், அனுபவம் ஒரு மதிப்பெண். பின்னதிலிருந்து முன்னதைக் கழித்தால் வருவதே சேவையின் தரம் என்றார்கள்.

இங்கேதான் இயற்பியல் மாணவர் நின்று யோசிக்க வேண்டும். எளிய கணக்கு ஒன்றை வைத்துக்கொள்வோம். குன்னூர்ச் சந்தில் உள்ள சிறு லாட்ஜின் உண்மையான தரம் 6. அங்கு வருபவரின் எதிர்பார்ப்பு 4. வேறுபாடு +2. பெரிய விடுதி ஒன்றின் தரம் 9, எதிர்பார்ப்பு 10. வேறுபாடு −1. முதலாவதுக்கு நட்சத்திரங்கள் குவியும், இரண்டாவதுக்குக் குறையும். ஆனால் மெத்தை எங்கே நல்லது, குளியலறை எங்கே சுத்தமானது என்று கேட்டால் விடை நேர்மாறாக இருக்கும். ஒரு சமன்பாட்டில் தெரியாத எண்கள் இரண்டு இருந்தால், வேறுபாட்டை மட்டும் கொண்டு இரண்டையும் கண்டுபிடிக்க முடியாது என்பது பள்ளிக் கணிதம்.

சுழிப்பிழை உள்ள திருகு அளவியைச் சோதனைச் சாலையில் நீங்கள் கையாண்டிருப்பீர்கள். பிழை எவ்வளவென்று தெரிந்தால் திருத்திக்கொள்ளலாம். விருந்தினரின் எதிர்பார்ப்பும் இத்தகைய சுழிதான். ஆனால் அது ஆளுக்கு ஆள் வேறுபடுகிறது. எங்கும் எழுதி வைக்கப்படுவதும் இல்லை. குரோனின், டெய்லர் என்னும் இருவர் 1992இல் சர்வ்குவாலை விமர்சித்து, எதிர்பார்ப்பைக் கழிக்காமல் செயலை மட்டும் அளப்பதே மேல் என்று வாதிட்டதற்குத் தூண்டுதல் இத்தகைய ஐயங்களே.

ஆயினும் வேறுபாட்டை அளப்பது வீண் வேலை என்று எண்ண வேண்டாம். உயர் மின்னழுத்தக் கம்பியின்மீது காக்கை அமைதியாக உட்கார்ந்திருக்கிறது. அதன் இரு கால்களுக்கும் இடையே மின்னழுத்த வேறுபாடு மிகக் குறைவு என்பதால் அதற்குத் தீங்கில்லை. மின்னோட்டத்துக்கு வேறுபாடுதான் முக்கியம், மனநிறைவுக்கும் அப்படியே. கொடுத்த காசுக்குத் தக்கது கிடைத்ததா என்று அறிய வேறுபாடு பயன்படும். அதையே விடுதியின் தரம் என்று படிப்பதுதான் பிழை.

வெந்நீரும் தேநீரும்

நீலகிரியில் இந்தப் பிழை கண்கூடு. சமவெளியிலிருந்து வருபவர் அங்குள்ள பழக்கத்தையே எதிர்பார்ப்பாகக் கொண்டு வருகிறார். மலையின் இயற்பியலோ வேறு.

15 லிட்டர் கொள்ளும் 2 கிலோவாட் கீசரை எடுத்துக்கொள்ளுங்கள். சமவெளியில் குழாய்நீர் 28 டிகிரி செல்சியஸ் என்றால், அதை 45 டிகிரிக்கு உயர்த்த ஏறத்தாழ 1,070 கிலோஜூல் வெப்பம் தேவை; ஒன்பது நிமிடம் போதும். குளிர்காலக் காலையில் உதகையில் நீர் 12 டிகிரியில் வந்தால் 2,080 கிலோஜூல் தேவை. பதினேழு நிமிடத்துக்குமேல் ஆகும். கீசர் அதேதான், அதை இயக்குபவரும் குறை வைக்கவில்லை. "வெந்நீருக்குக் காக்க வைத்தார்கள்" என்ற குறிப்புடன் ஒரு நட்சத்திரம் மட்டும் போய்விடுகிறது.

தேநீரைப் பாருங்கள். குன்னூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 1,850 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கு நீர் ஏறக்குறைய 94 டிகிரியிலேயே கொதித்துவிடும். சுமார் 2,240 மீட்டர் உயரமுள்ள உதகையில் 93க்கும் சற்றுக் குறைவு. திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாவது இதனால்தான். மேலும், நியூட்டனின் குளிர்தல் விதிப்படி, 60 டிகிரி தேநீர் 12 டிகிரிக் காற்றில் இழக்கும் வெப்பம், 32 டிகிரிக் காற்றில் இழப்பதைவிடத் தொடக்கத்தில் 1.7 மடங்கு வேகமானது. "டீ ஆறிப்போயிருந்தது" என்று எழுதுபவர் சமையற்காரரைக் குறை கூறுகிறார். காரணம் காற்றில் இருக்கிறது.

வேறு குறைகளும் இத்தகையன. நீலகிரி மாவட்டத்தில் நெகிழித் தண்ணீர்ப் பாட்டில்களுக்குத் தடை உண்டு. அறையில் பாட்டில் வைக்காத விடுதி சட்டத்தை மதிக்கிறது. அதற்காகவே மதிப்பெண் இழக்கக்கூடும். உதகை விடுதிகள் பலவற்றில் குளிர்சாதனம் இல்லை. அக்குளிரில் தேவையும் இல்லை. ஆனால் பழக்கத்தினால் அதைத் தேடுவோர் உண்டு.

விலை ஏறினால் நட்சத்திரம் இறங்கும்

எதிர்பார்ப்பை உயர்த்தும் பெரிய கருவி விலை. கோடைப் பருவத்தில் மலைக்கு வரும் கூட்டத்தை நீங்கள் அறிவீர்கள். சென்னை உயர் நீதிமன்ற ஆணையின்படி 2024 மே 7 முதல் நீலகிரிக்கு வரும் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாக்கப்பட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை நாளொன்றுக்கு வார நாள்களில் 6,000, வார இறுதியில் 8,000 வாகனங்கள் என்று வரம்பே வைக்கப்பட்டது. இத்தகைய பருவத்தில் வாடகை பல மடங்கு ஏறும். மழைக்காலத்தில் 1,200 ரூபாய்க்குக் கிடைக்கும் அறை, மே மாதத்தில் 4,000 ரூபாய் என்று கொள்வோம். கட்டில், சன்னல், போர்வை எல்லாம் அவையே. முன்னவர் "காசுக்கு மேலேயே வசதி" என்பார்; பின்னவர் "இதற்கா இவ்வளவு?" என்பார். உயர்ந்த வாடகை முதலாளிக்குப் போகிறது. தாழ்ந்த மதிப்பெண்ணுக்குப் பதில் சொல்ல வேண்டியவரோ போர்வையை மடித்து வைக்கும் அறைப் பணியாளர்.

இவ்வுண்மையை மிகத் தெளிவாகக் காட்டுபவை சூதாட்ட விடுதிகள். தமிழ்நாட்டில் இவை இல்லை. கோவாவிலும் சிக்கிமிலும் சட்டப்படி உண்டு. கடல் கடந்தால், 2010இல் திறக்கப்பட்ட சிங்கப்பூர் மரினா பே சாண்ட்ஸ் நம்மவர் பலர் அறிந்தது. அங்கு சூதாட்டக் கூடத்தில் நுழைய அயல்நாட்டினருக்குக் கட்டணமில்லை. அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் 2019 முதல் 24 மணி நேரத்துக்கு 150 வெள்ளி தீர்வை செலுத்துகின்றனர். அமெரிக்காவின் லாஸ் வேகஸில் பெருந்தொகை வைத்து ஆடுபவர்க்கு அறையை இலவசமாகவே தருவதும் உண்டு. குறைந்த வாடகையைக் காட்டி, பின்னர் 'உல்லாசக் கட்டணம்' என்று தனியே சேர்க்கும் வழக்கமும் அங்கு வேரூன்றியிருந்தது. மொத்த விலையை முதலிலேயே காட்ட வேண்டும் என்ற அமெரிக்க அரசின் விதி 2025 மே மாதத்தில்தான் நடைமுறைக்கு வந்தது.

இப்போது சொல்லுங்கள்: ஒரே தளத்தில் அடுத்தடுத்த அறைகளில் மூவர் தங்குகின்றனர். ஒருவர் முழு வாடகை செலுத்தியவர். ஒருவர் இலவசமாகத் தங்குபவர். ஒருவர் முந்தைய இரவில் பெருந்தொகையைத் தோற்றவர். மூவரும் தரும் நட்சத்திரங்களைக் கூட்டி மூன்றால் வகுத்தால் வருவது எதன் தரம்?

சராசரியின் குறைபாடுகள்

புள்ளியியல் நோக்கிலும் இரண்டு குறைகள் உண்டு. ஸ்டீவன்ஸ் என்பவர் 1946இல் அளவுகோல்களை வகைப்படுத்தினார். அதன்படி நட்சத்திரம் ஒரு வரிசை அளவு. வகுப்பில் முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் உள்ள தொலைவு, இரண்டுக்கும் மூன்றுக்கும் உள்ள தொலைவுக்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை அல்லவா? நட்சத்திரங்களும் அப்படியே. அவற்றைக் கூட்டி வகுத்துத் தசமத்தில் எழுதுவது பழக்கத்தால் வந்த துணிச்சல்.

இரண்டாவது, எத்தனை பேர் சொன்னது என்பது. மதிப்பெண்களின் திட்ட விலக்கம் 1.2 என்று கொண்டால், ஒன்பது பேரின் சராசரியில் திட்டப்பிழை 0.4, தொள்ளாயிரம் பேரின் சராசரியில் 0.04. ஒன்பது பேர் தந்த 4.3ஐயும் 4.1ஐயும் ஒப்பிட்டு விடுதியைத் தேர்வது, அடிக்கோலால் தலைமயிரின் தடிமனை அளப்பது போன்றது. அத்துடன், மிக மகிழ்ந்தவரும் மிகச் சினந்தவருமே எழுத முன்வருவர். இடைப்பட்டவர் பேசாமல் ஊர் திரும்பிவிடுவர்.

புகழுக்கும் ஒரு விலை உண்டு. கோவாக்ஸ், ஷார்க்கி என்னும் ஆய்வாளர்கள் 2014இல் வெளியிட்ட ஆய்வில், இலக்கியப் பரிசு பெற்ற நூல்களுக்கு வாசகர் தரும் மதிப்பெண், பரிசு அறிவிப்புக்குப் பின் குறைந்ததைக் கண்டனர். இறுதிச் சுற்றுவரை வந்து பரிசு பெறாத நூல்களுக்கு இத்தகைய வீழ்ச்சி இல்லை. நூலில் ஓர் எழுத்தும் மாறவில்லை. படிக்க வந்தவர்களும் அவர்களது எதிர்பார்ப்பும் மாறிவிட்டன. 4.7 பெற்ற விடுதிக்கும் இது நேரலாம்.

நாம் செய்யக்கூடியது

இந்தியத் தர நிர்ணய அமைப்பு 2022இல் இணையவழி நுகர்வோர் கருத்துரைகளுக்கென ஐ.எஸ். 19000 என்னும் தரக்குறிப்பை வெளியிட்டது. பொய்யுரைகளைத் தடுக்க அது உதவும். ஆனால் உண்மையாகவே எழுதப்பட்ட கருத்தில் மறைந்துள்ள எதிர்பார்ப்பை எந்தத் தரக்குறிப்பாலும் வடிகட்ட இயலாது. அதை எழுதுபவரும் படிப்பவருமே செய்ய வேண்டும்.

படிக்கும்போது, எண்ணைவிட எழுத்தை நம்புங்கள். எந்த மாதத்தில், என்ன வாடகையில் தங்கியவர் என்று பாருங்கள். "மோசம்" என்ற சொல் எதிர்பார்ப்பைக் காட்டும். "கழிவறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை" என்பது தரத்தைக் காட்டும். எழுதும்போது மூன்றையும் பிரித்து எழுதுங்கள்: விடுதி என்ன வாக்களித்தது, நீங்கள் என்ன கொடுத்தீர்கள், என்ன கிடைத்தது. வெந்நீர் தாமதமாயிற்று என்றால் எத்தனை நிமிடம் என்று குறியுங்கள். அளந்து எழுதிய ஒரு வரி, அடுத்து வரும் குடும்பத்துக்குப் பத்து நட்சத்திரங்களைவிடப் பயன்படும். தம் தவறில்லாத ஒன்றுக்காக ஒரு தொழிலாளி ஏச்சு வாங்குவதையும் அது தடுக்கும்.