பீப்ஸின் டைரியும் என் டைரியும்

2020ஆம் ஆண்டு மார்ச் 25ஆம் தேதியிலிருந்து அந்த வருஷம் முடியும் வரை நான் ஒரு டைரி எழுதினேன். அதற்கு முன்பும் எழுதியதில்லை, பின்பும் எழுதியதில்லை. நாடு முழுவதையும் வீட்டுக்குள் இருக்கச் சொல்லிவிட்டார்கள். எழுத்தாளன் என்று பெயர் வைத்துக்கொண்டு இதைக் கூடக் குறித்து வைக்காமல் இருக்கலாமா என்று தோன்றிற்று. யாரோ புது வருஷத்துக்குக் கொடுத்த டைரி ஒன்று பிரிக்காமல் கிடந்தது, எடுத்துக்கொண்டேன். சமீபத்தில் அதைத் தேடி எடுத்து, பிறர் புத்தகத்துக்கு மதிப்புரை எழுத உட்காருகிறவனைப் போலக் கையில் பென்சிலோடு படித்துப் பார்த்தேன். ஏன் அப்படிச் செய்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

டைரியில் இருப்பவை மூன்றே விஷயங்கள்: நடை, செடி, பேச்சு. எங்கள் மொட்டை மாடி வடக்கே தெற்கே ஐம்பத்திரண்டு அடி. நூறு தடவை போனால் ஒரு மைலுக்குக் கொஞ்சம் குறைச்சல். அந்தக் கணக்கு தினமும் விடாமல் பதிவாகியிருக்கிறது. அடுத்தபடி தொட்டிகள். கத்தரி, தக்காளி, கைப்பிடிச் சுவரில் ஏற்றிவிட்ட ஒரு புடலங்கொடி. மாவுப்பூச்சி வந்தது, வேப்பெண்ணெயில் சோப்புத் தண்ணீர் கலந்து தெளித்தது, போனது, மறுபடியும் வந்தது. மூன்றாவது, ஜூமில் நான் செய்த பிரசங்கங்கள். பதினொன்று. ஒவ்வொன்றுக்கும் எத்தனை பேர் இருந்தார்கள் என்ற எண்ணிக்கை உண்டு. கூட்டம் குறைந்த நாளில் மட்டும் எண்ணிக்கை இல்லை.

சுகமான டைரி. வெளியே ஜனங்கள் செத்துக்கொண்டிருந்தபோது எழுதப்பட்டது என்பதை முதல் பக்கத்துத் தேதியை வைத்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது என்று என் சமாதானத்துக்காக நான் போய் நின்ற இடம் ஸாமுவேல் பீப்ஸ். லண்டனில் 1665ஆம் ஆண்டு பிளேக் வந்தபோது அவர் கடற்படை அலுவலகத்தில் நல்ல உத்தியோகத்தில் இருந்தார். 1660ஆம் ஆண்டு ஜனவரி முதல் தேதி தொடங்கி 1669ஆம் ஆண்டு மே வரை, சுருக்கெழுத்தில் அவர் எழுதி வைத்த டைரி 1825ஆம் ஆண்டில்தான் முதன்முதலாக அச்சாயிற்று. அந்தப் பிளேக் வருஷத்தில் லண்டன் மரணக் கணக்குப் பட்டியல்களில் பிளேக்குக்கு என்று எழுதப்பட்டவர்கள் மட்டும் 68,596 பேர். உண்மைத் தொகை லட்சத்தை நெருங்கும் என்பார்கள். இந்த மனிதரோ வருஷக் கடைசியில் கணக்குப் பார்க்கிறார்: கையிருப்பு 1,300 பவுனிலிருந்து 4,400 பவுனாக உயர்ந்திருக்கிறது; வாழ்நாளில் இந்தப் பிளேக் காலத்தைப் போல உல்லாசமாக இருந்ததே இல்லை என்று கூசாமல் எழுதி வைக்கிறார்.

ஆஹா, நமக்கு ஒரு பெரிய துணை கிடைத்தது என்று முதலில் சந்தோஷப்பட்டேன். அது நீடிக்கவில்லை. பீப்ஸின் உல்லாசமும் என் சுகமும் ஒரே ஜாதி அல்ல.

ஜூன் மாதம் ஒரு நாள் அவர் வாடகை வண்டியில் போகிறார். வண்டி மெள்ள மெள்ள ஊர்ந்து நின்றுவிடுகிறது. வண்டிக்காரன் கீழே இறங்குகிறான், நிற்க முடியவில்லை, திடீரென்று உடம்புக்கு முடியவில்லை, கண் தெரியவில்லை என்கிறான். பீப்ஸ் இறங்கி வேறொரு வண்டியில் ஏறிப் போய்விடுகிறார். உதவி செய்யவில்லை. ஆனால் எழுதுகிறார். அவனுக்காக வருத்தப்பட்டதையும், தனக்கும் தொற்றியிருக்குமோ என்று பயந்ததையும், வேறு வண்டி பிடித்ததையும் ஒரே மூச்சில் எழுதுகிறார். அன்றைக்கு அவர் நடந்துகொண்டது அப்படியொன்றும் மெச்சத்தக்கதல்ல. அந்தப் பக்கம் மட்டும் முந்நூற்று ஐம்பது வருஷத்துக்கு மேல் நிற்கிறது.

இன்னோரிடம். புது டோப்பா ஒன்றை செப்டம்பரில் முதன்முதலாகத் தலையில் வைத்துக்கொள்கிறார். வாங்கி வெகு நாளாகிறது. வாங்கிய இடத்தில் பிளேக் இருந்ததனால் அணியப் பயம். வியாதியெல்லாம் அடங்கின பிறகு டோப்பா நாகரிகம் என்ன ஆகுமோ, செத்தவர்கள் தலையிலிருந்து வெட்டின மயிராக இருக்குமென்று ஒருவரும் வாங்கமாட்டார்களே என்று யோசிக்கிறார். ஆயிரம் பேர் மாண்டார்கள் என்ற தொகை என்னைத் தொடவில்லை. இந்த மயிர் தொட்டது. அலங்காரத்துக்குள்ளே மரணம் வந்து உட்கார்ந்திருக்கிறது. அவர் அதை வெளியே தள்ளவும் இல்லை, அதற்காக அலங்காரத்தை விடவும் இல்லை.

அவருடைய நண்பர் ஜான் ஈவ்லின் தோட்டக்கலையில் பெரிய நிபுணர். மரங்களைப் பற்றி 1664ஆம் ஆண்டு அவர் வெளியிட்ட புத்தகத்தோடு, எந்த மாதத்தில் தோட்டத்தில் என்ன வேலை என்று சொல்லும் பஞ்சாங்கம் போன்ற நூலொன்றும் சேர்ந்து வந்தது. பிளேக் வந்ததும் மனைவி மக்களைத் தம் தமையனார் வீட்டுக்கு அனுப்பிவிட்டுத் தாம் மட்டும் தங்கினார். யுத்தத்தில் காயம்பட்ட மாலுமிகளையும் கைதிகளையும் கவனிக்கும் பொறுப்பு அவருக்கு இருந்தது. செப்டம்பரில் ஒரு நாள் நகரத்தின் ஊடே நெடுந்தூரம் போனதைச் சொல்கிறார்: தெருவிலே திறந்த வெளியில் சவப்பெட்டிகள், அடைத்த கடைகள், யாருடைய முறை எப்போது என்று தெரியாத மௌனம். கனவான், அடக்கமாகத்தான் எழுதுகிறார். பீப்ஸுக்குள்ள ருசி இல்லை. தோட்டக்காரர் தோட்டத்தை விட்டு வெளியே போனார் என்பதுதான் எனக்கு உறுத்துகிறது. நான் கத்தரிச் செடியை விட்டு நகரவில்லை.

(நியூட்டனைப் பற்றியும் சொல்ல வேண்டுமோ? அந்தப் பிளேக் விடுமுறையில் ஊருக்குப் போய்த் தோட்டத்தில் உட்கார்ந்து ஆகர்ஷண சக்தியைக் கண்டுபிடித்தார் என்று 2020இல் எனக்கு ஏழெட்டுப் பேராவது சொல்லியிருப்பார்கள். உற்சாகமூட்டச் சொன்னது. என் தொட்டியிலிருந்து விழுந்ததெல்லாம் மாவுப்பூச்சி.)

டைரிதான் இப்படி, கதையிலாவது நியாயம் செய்தாயா என்று கேட்கலாம். செய்ததாகத்தான் அப்போது எண்ணம். வட மாநிலத் தொழிலாளர்கள் மூட்டை முடிச்சுகளோடு நெடுஞ்சாலையில் நடந்ததைத் தொலைக்காட்சியில் பார்த்து ஒரு சிறுகதை எழுதினேன். பத்திரிகையில் வந்தது. நல்லபடியாகவே கடிதங்களும் வந்தன. ஒரு வாசகர் மட்டும் ஒரே வரியில், நீங்கள் அப்படி ஒருவரையாவது நேரில் பார்த்ததுண்டா என்று கேட்டிருந்தார். கோபம் வந்தது. நேரில் பார்த்தால்தான் எழுத வேண்டும் என்றால் டானியல் டீபோ என்ன ஆவது? லண்டன் பிளேக்கைப் பற்றி அவர் எழுதி 1722இல் வெளியான நாவலை, கண்ணால் கண்டவர் எழுதிய குறிப்பு என்றே பலர் நம்பினார்கள். பிளேக் வந்தபோது டீபோவுக்கு வயது ஐந்து இருந்தால் அதிகம்!

பதிலுக்கு எழுத வேண்டுமென்று டீபோவை மறுபடி புரட்டினேன். அங்கேதான் வினை. கதை சொல்லுகிற சேணக்கடைக்காரர் ஒரு நாள் ஆற்றங்கரைப் பக்கம் நடந்து போகிறார். கப்பல்களில் இருக்கிறவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்க்க ஆவல். கரையில் ஓர் ஏழைப் படகோட்டி நிற்கிறான். அவன் பெண்டாட்டி பிள்ளைகள் வியாதி புகுந்த வீட்டில். அவன் உள்ளே போவதில்லை. சம்பாதித்ததை ஒரு பரந்த கல்லின் மேல் வைத்துவிட்டு விலகி நின்று கூப்பிடுகிறான். அவள் வந்து எடுத்துக்கொண்டு போகிறாள். இதைச் சொல்லிக் கண்ணீர் வரவழைப்பது சுலபம். ஆனால் சேணக்கடைக்காரர் கேட்கும் கேள்விகள் வேறு. இப்போது உனக்குப் பிழைப்பு எப்படி? கப்பல்காரர்களுக்குச் சாமான் வாங்கித் தருகிறாயா, எங்கே வாங்குகிறாய்? தொற்று இல்லாத இடமென்று எப்படித் தெரியும்? இராத்திரி எங்கே படுக்கிறாய்? ஒவ்வொன்றுக்கும் படகோட்டி விவரமாகப் பதில் சொல்கிறான். அந்தப் பதில்களெல்லாம் சேர்ந்துதான் அந்தக் கல்லைக் கல்லாக்குகின்றன.

என் கதையில் வெயில் இருந்தது, வெடித்த பாதம் இருந்தது, ஒரு குழந்தையின் ஒற்றைச் செருப்பு இருந்தது. அவர்கள் தண்ணீருக்கு என்ன செய்தார்கள், கையில் எத்தனை ரூபாய், இராத்திரி எங்கே படுத்தார்கள் என்று நான் யாரையும் கேட்கவில்லை. என்னையே கேட்டுக்கொள்ளவும் இல்லை. நேரில் பார்க்காதது டீபோவுக்கும் எனக்கும் பொது. விசாரிக்காதது என்னுடைய சொந்தச் சொத்து. அந்தக் கதையைத் தொகுப்பில் சேர்க்கவில்லை. அந்தச் சமயத்தில் வந்த கதைகளில் பாதிக்கு மேல் என் கதையின் தம்பி தங்கைகள்தாம் என்பது என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்கிறவர்கள் கோபித்துக்கொள்ளட்டும்.

பேச்சுக்கு வருகிறேன். ஜூம் பேச்சு ஒரு விசித்திரமான பிரசங்கம். எதிரே முகம் கிடையாது, கறுப்புக் கட்டங்கள். இருமல், கொட்டாவி, நாற்காலியை இழுக்கும் சத்தம் ஒன்றும் இல்லாததனால் பேசுகிறவனுக்குத் தன் குரல் ரொம்ப அழகாகக் கேட்கிறது. மேடையில் பேசத் தயங்குவதையெல்லாம் அங்கே பேசிவிடுகிறோம்.

ஆல்பெர் காம்யுவின் ‘கொள்ளை நோய்’ நாவல் 1947இல் வந்தது. அல்ஜீரியாவில் ஓரான் நகரம்; பிளேக்; வாயில்களை அடைத்துவிடுகிறார்கள். பனெலூ என்ற பாதிரியார் இரண்டு முறை பிரசங்கம் செய்கிறார். முதல் தடவை கோயில் நிரம்பி வழிகிறது. இது உங்களுக்கு வந்த தண்டனை என்று முழங்குகிறார். பிறகு ஒரு சிறுவன் துடித்துத் துடித்துச் சாவதைப் படுக்கை அருகில் நின்று பார்க்கிறார். இரண்டாவது பிரசங்கத்துக்குக் கூட்டம் குறைவு. குரல் தணிந்திருக்கிறது. ‘நீங்கள்’ போய்விட்டது. முன்னிலையிலிருந்து தன்மைக்கு வந்துவிட்டார் என்பதை நாவலே சொல்லிவிடுகிறது.

பிரெஞ்சு மொழியில் அதற்கு ஒரே சொல்தான். தமிழில் எழுதினால் ‘நாம்’ என்பதா, ‘நாங்கள்’ என்பதா என்று தீர்மானித்தாக வேண்டும். கேட்கிறவனைச் சேர்த்தால் நாம், ஒதுக்கினால் நாங்கள். பனெலூ சொல்வது ‘நாம்’ என்பதில் எனக்குச் சந்தேகமில்லை. அந்தப் பையனின் படுக்கையருகில் நின்று அதற்கான விலையைக் கொடுத்துவிட்டு வந்து சொல்கிறார்.

என்னுடைய பதினொரு பேச்சிலும் ‘நாம்’தான். நாம் வீட்டிலிருக்கக் கற்றுக்கொண்டோம், நாம் மௌனத்தைக் கண்டெடுத்தோம், இப்படி. ஒரு நாள் பேச்சு முடிந்து கம்ப்யூட்டரை மூடும்போது என் மனைவி கேட்டாள்: “நாம்னு யாரைச் சொன்னீங்க? காலையிலே தெருப் பெருக்க வந்தாங்களே, அந்தம்மாவும் உண்டா?” அவளுக்கு இலக்கணத்தில் இவ்வளவு தேர்ச்சி உண்டென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதுவும் டைரியில் இல்லை.

டைரியை எடுக்க நேர்ந்த காரணம் இது. எங்கள் கீழ் வீட்டில் ஒரு வயதான தம்பதி. அவர் தபால் இலாகாவில் இருந்து ஓய்வு பெற்றவர். 2020 மார்ச்சில் அந்த அம்மாள் மகளைப் பார்க்கக் கோயம்புத்தூர் போனவர் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஜூலையில் அவருக்குக் காய்ச்சல். ஒரு சாயங்காலம் ஆம்புலன்ஸ் வந்தது. ஆறாம் நாள் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார். வீட்டுக்குக் கொண்டுவரவில்லை. சமீபத்தில் அந்த அம்மாள் வீட்டைக் காலி செய்துவிட்டு மகளோடு இருக்கப் புறப்பட்டார். சொல்லிக்கொள்ள மாடிக்கு வந்தவர், உட்காரவில்லை.

“தம்பி, நீங்க அன்னிக்கு மொட்டை மாடியிலே நடந்துக்கிட்டு இருந்தீங்களாம். அவர் தானே நடந்து போய் வண்டியிலே ஏறினாரா, தூக்கிக்கிட்டுப் போனாங்களா? பால்காரர் ஒண்ணு சொல்றார், வாட்ச்மேன் ஒண்ணு சொல்றார். நீங்க எழுதறவங்க, சரியாச் சொல்வீங்க.”

டைரியைப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். அன்றைய தேதியில் இருந்தது இவ்வளவுதான்: முதல் கத்தரி, மூன்று காய். நடை எண்பது தடவை. இரவு ‘கொள்ளை நோயும் இலக்கியமும்’ பேச்சு, அறுபது பேர், நன்றாக அமைந்தது.

எண்பது தடவை என்றால் இருபது குறைகிறது. அந்த இருபது நேரம் நான் கைப்பிடிச் சுவரருகில் நின்றிருக்க வேண்டும். கையில் ஒரு துணிப்பை, பழுப்பு நிற ஸ்வெட்டர், மேலே ஒரு தடவை நிமிர்ந்து பார்த்தது எல்லாம் கண்முன் வருகிறது. ஆனால் எனக்கு இருபது வருஷமாக இதுதான் தொழில். ஒரு மனிதரை வாசலிலிருந்து வண்டி வரை நடத்திக்கொண்டு போக எனக்கு ஒரு துணிப்பையும் ஒரு ஸ்வெட்டரும் போதும். ஜூலை மாதத்தில் ஸ்வெட்டர் எதற்கு? காய்ச்சலுக்காக இருக்கலாம்.

மறுநாள் காலையில் கீழே இறங்கிப் போனேன். சாமான்கள் கட்டி வைத்திருந்தன.

“நடந்துதான் போனாரும்மா” என்றேன்.

“டைரியைப் பார்த்துத்தானே சொல்றீங்க?” என்று கேட்டார்.

ஆமாம் என்றேன்.